நேற்றுக் காலையிலிருந்து சொல்லுங்கள்

பணி ஓய்வு பெற்ற பிறகும் என் கனவில் மாடிப்படிகள் தீர்ந்தபாடில்லை. அலுவலகத்தில் விருந்து வைத்து, சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி நேரம் பார்க்கவே தேவையில்லாதவளுக்குக் கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. கண்ணை மூடினால் ஏதோ ஓர் அடுக்குமாடியின் படிகளில் ஏறிக்கொண்டிருப்பேன். லிப்ட் பழுது, கனவிலும் பழுதுதான். ஒரு மாடியில் சாம்பார் வாசனை, அடுத்ததில் நெத்திலிச் சம்பல், அதற்கும் மேலே சாம்பிராணி. ஒரு கதவைத் தட்டுவேன். யாரது என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். கெபாஜிக்கானிலிருந்து வருகிறேன் என்பேன். தாழ்ப்பாள் நகரும் ஓசை கேட்கும். அதோடு விழிப்பு வந்துவிடும்.

கெபாஜிக்கான் என்றால் சமூகநல இலாகா. கிள்ளானில் இருந்த அதன் அலுவலகம் ஒன்றில்தான் என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் கழிந்தது. நான் அங்கே உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் யமுனா. கெட்டிக்காரி, ஆனால் பொறுமை கம்மி. சென்ற வாரம் போன் செய்து ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தாள்.

“எல்லாம் போன்லயே வந்துருது அக்கா. டாக்டர் பேப்பர படம் புடிச்சு அனுப்பிடுறாங்க. கூப்பிட்டு, உங்க பிள்ளைக்குத் தானா குளிக்க முடியுமான்னு கேட்டா முடியும்கிறாங்க. சாப்பிட முடியுமான்னா அதுவும் முடியும்கிறாங்க. எல்லாம் முடியும்னா எதுக்கு லா மனு போடுறாங்க? நீங்கள்லாம் எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன் என்றேன். நான் பகல் கனவுக்காரி. நேராகப் போக வராது. யமுனாவும் மற்றவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலையில் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி முடித்தேன், கிராணி என்கிற குமாஸ்தாவாகச் சேர்ந்தேன், தேர்வு எழுதி உதவி அதிகாரி ஆனேன். இடையில் பல பயிற்சிகளுக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய மண்டபங்களில் சட்டப் பிரிவுகளைப் படம் போட்டுக் காட்டுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். மற்றதையெல்லாம் ஒரே ஒருவரிடமிருந்து கற்றேன். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வீடு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், வேலை கிள்ளானில். தினமும் கொமியூட்டர் ரயில். காலையில் ஊரே கோலாலம்பூருக்குள் வந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் எதிர்த்திசையில் போவேன். அதனால் எப்போதும் ஜன்னலோர இருக்கை கிடைக்கும். கண்ணாடியில் என் முகமும் வெளியே நகரும் கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். முந்தின நாள் பார்த்த முகங்களும் எங்கிருந்தோ அதில் வந்து சேர்ந்துகொள்ளும். கிள்ளான் ஆறு பழுப்பு நிறத்தில் அசையாமல் கிடக்கிறபோதுதான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று தெளிவேன். அந்தப் பயணத்தில் நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னிடம் அதிகமாக வந்தவை கற்றல் குறைபாடு உள்ளவர்களின் மனுக்கள். நம் ஆட்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி, “பையன் கொஞ்சம் ஸ்லோ மிஸ்” என்பார்கள். கை கால் நன்றாக இருக்கும், நடக்கும், சிரிக்கும், பாட்டுக் கேட்டால் தலையாட்டும். அதனால் வெளியார் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வீட்டாருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

இவர்களுக்கு அரசாங்கத்தில் உதவி இல்லாமல் இல்லை. முதலில் ஓகேயு அட்டை என்கிற மாற்றுத்திறனாளி அட்டை. அது இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணமில்லை, ரயிலில் பாதி டிக்கெட். வேலை செய்ய முடியாதவர்களுக்கு மாதாமாதம் ஓர் உதவித்தொகை. குறைந்த சம்பளத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறொன்று. பகலில் கொண்டுபோய் விட வட்டாரத்தில் ஒரு மறுவாழ்வு மையம். சிலவற்றுக்கு வேன்கூட உண்டு. ஆனால் இன்னது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு வந்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பிறப்புப் பத்திரம் முதல் தண்ணீர் பில் வரை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து, “எதாச்சும் இருக்கா மிஸ்?” என்று கேட்பார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. பால் எந்தக் கவுண்டரில் என்று தெரியாமலே அழுதுவிட்டுப் போன பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய.

அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படித்து யாரும் வந்ததில்லை. கோவில் அன்னதான வரிசையில் ஒருவர் சொல்வார், மருந்து வாங்குமிடத்தில் ஒருவர் சொல்வார். பாதி சரியாகவும் பாதி கதையாகவும் வந்து சேரும். அட்டை எடுத்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் விடுதியில் போட்டுவிடுவார்கள் என்றது ஒரு கதை. தங்கைக்கு வரன் வராது என்றது இன்னொன்று. பண்டமாரானில் ஒரு அப்பா, மகனுக்கு நான் அலைந்து எடுத்துக்கொடுத்த அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, ரயிலில் முழு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அட்டையில் சக்கர நாற்காலி படம் போட்டிருக்கிறது, என் மகனுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது, பொய் சொல்லலாமா என்றார்.  நான் முருகனைத்தான் பார்த்தேன்.

இனி, எனக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஒருவர்: புவான் ரொஹானா, மலாயில் புவான் என்றால் திருமதி. எங்கள் அலுவலகத்துக்குத் தலைவியாக வந்தபோது அவருக்கு முழங்கால் ஏற்கனவே போயிருந்தது. பருத்த உடம்பு, தொளதொளத்த பாஜு கூரோங் அங்கி, மூச்சுக்கு நடுவில் மெல்லிய முனகல். கவனித்துக் கேட்டால் அது ஏதோ பழைய மெட்டாக இருக்கும். வீடு பார்க்கப் போவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு படியாக ஏறுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கீழே காயும் துணிகளை ஏதோ கடலைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். நான் அவசரப்பட்டால், நாம் மேலே போகப் போக அந்த அம்மாவுக்கு நம் காலடி கேட்கும் சுசிலா, அவர்கள் தயாராக நேரம் கொடு என்பார்.

வாசலில் செருப்பைக் கழற்றி வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பார். உள்ளே போனதும் பையை எட்ட வைத்துவிடுவார். பேனா வெளியே வராது. நாற்காலி கொடுத்தால் முழங்காலைச் சாக்குச் சொல்லி உட்காருவார், ஆனால் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்தால் அவரும் எப்படியோ தரைக்கு இறங்கிவிடுவார். பிறகு அவரைத் தூக்கி நிறுத்துவது என் உத்தியோகம். குடிக்க எது கொடுத்தாலும் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். அதற்குப் பிறகுதான் கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. அவர் அகராதியில் ‘போலே’, அதாவது ‘முடியும்’ என்கிற மலாய்ச் சொல், கிடையாது. ‘போலே’ என்று கேட்டால் ‘போலே’ என்றுதான் பதில் வரும் என்பார். முடியுமா என்று கேட்டால் எந்தத் தாய் முடியாது என்பாள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதனால் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: செமாலாம், அதாவது நேற்று. நேற்றுக் காலையிலிருந்து சொல்லுங்கள். யார் முதலில் எழுந்தது? பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்தது யார்? தண்ணீர் ஊற்றியது யார்? பட்டன் போட்டது யார்? நீங்கள் குளிக்கும்போது குளியலறைக் கதவு மூடியிருந்ததா, திறந்திருந்ததா? அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்தால் பெரும்பாலான அம்மாக்கள் சற்று நிறுத்துவார்கள். கதவை மூடிக் குளித்து எத்தனை வருடமாயிற்று என்று அப்போதுதான் அவர்களுக்கே நினைவு வரும்.

நேற்று முடிந்தால் முந்தாநாளுக்குப் போவார். ‘எப்போதும்’ என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். எப்போதும் என்பது நாம் ஆசைப்படுவது, நேற்று என்பதுதான் நடந்தது என்று காரில் திரும்பும்போது எனக்கு விளக்கினார். எல்லாம் கேட்ட பிறகு அனுமதி கேட்டுப் பையைத் திறப்பார், எழுதியதை வாய்விட்டு வாசித்துக் காட்டுவார். இப்படி ஒரு வீட்டுக்கு அரை நாள் போய்விடும். மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லை.

கமலவேணி அக்காவின் வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு நர்ஸ் போன் செய்ததால். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கிற மையத்தில் வேலை செய்கிறவர் அந்த நர்ஸ். கமலவேணி என்று ஒரு பேஷண்ட் சரியாக வருவதில்லை, வந்தாலும் பாதியில் எழுந்து போகிறார், உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, இப்படியே போனால் அதிக நாள் தாங்காது என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டால் வீட்டில் வேலை என்கிறாராம். பக்கத்து நாற்காலியில் இரத்தம் சுத்திகரித்துக்கொள்ளும் அம்மாதான், அவருக்கு ஸ்லோவான மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்.

பழைய கோப்பைத் தேடினால், அந்த மகளுக்கு ஏற்கனவே ஒரு மனு வந்து தள்ளுபடி ஆகியிருந்தது. அப்போது வீடு பார்க்கப் போனவர் எங்கள் அலுவலகத்தை விட்டு மாறிப் போய்விட்டார். பெண் தன் காரியத்தைத் தானே பார்க்கிறாள், சமைக்கிறாள், கடைக்குப் போகிறாள் என்று குறிப்பு. அம்மா மேல்முறையீடு செய்யவில்லை.

வருகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனோம். மூன்றாவது மாடி. தரை துடைத்த மருந்து வாசனை படியிலேயே வரவேற்றது. புதுத் திரைச்சீலை, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் கேசரி. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்திருந்தார் கமலவேணி அக்கா. ஐம்பதைக் கடந்தவர். பட்டுச் சேலை கட்டியிருந்தார். வீங்கிய பாதங்களை அந்தச் சேலையின் கீழ்க்கரையால் மூடி மூடி வைத்துக்கொண்டார்.

மகள் தேவிகா தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். இருபது வயதைத் தாண்டியவள். ரோஜா நிறப் பஞ்சாபி உடை, தலையில் மல்லிகை, முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக. கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“என் பேரு தேவிகா. என் வீடு மூணாவது மாடி. நான் சோறு ஆக்குவேன். துணி மடிப்பேன். கடைக்குப் போவேன். நன்றி, வணக்கம்.”

அம்மாவின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

புவான் ரொஹானா கைதட்டினார். தேவிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. முதல் தடவை அதிகாரி வந்தபோதும் இப்படித்தான் சொன்னாளா என்று நான் மெதுவாகக் கேட்டேன். ஆமாம், ஒரு எழுத்துப் பிசகவில்லை என்றார் அக்கா பெருமையோடு. அவர் பல வருடம் ஒரு தமிழ்ப்பள்ளியில் துப்புரவு வேலை பார்த்தவர். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் பள்ளியில் என்ன செய்வார்கள் என்று துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்த்துப் பார்த்து அவருக்குத் தெரியும். நன்றாகச் சொல்கிற பிள்ளையை முன்னால் நிறுத்துவார்கள். வந்தவர் திருப்தியாகப் போனால்தான் பள்ளிக்கு வர வேண்டியது வரும். அரசாங்கம் என்றால் அப்படித்தான் என்று அவர் நம்பியிருந்தார். உதவி வராதபோதுகூட அவருக்கு வருத்தமில்லையாம். கவர்மெண்டே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் வேண்டாம், பெண் நல்லாயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. எத்தனை மாலை உட்கார்ந்து அந்த ஆறு வரிகளைச் சொல்லிக்கொடுத்திருப்பார்! அவ்வளவு பாடுபட்டு, தனக்கு வர வேண்டியதைத் தானே வாசலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

புவான் ரொஹானா கேசரியைத் தின்று, தண்ணீரைக் கடைசி வரை குடித்துவிட்டு, செமாலாம் என்று ஆரம்பித்தார். அக்காவுக்கு மலாய் நன்றாகவே வரும். பாசாரில் பேரம் பேசிப் பழகிய மலாய். நேற்று எழுந்தாள், சாமி கும்பிட்டாள், குளித்தாள், பசியாறினாள் என்று சரளமாகச் சொல்லிக்கொண்டு போனார். தண்ணீர் ஊற்றியது யார்? அவளேதான். சட்டை போட்டது? அவளேதான். நீங்கள் குளிக்கும்போது கதவு?

அக்கா நிறுத்திவிட்டார். பிறகு மலாயை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

“அவ முன்னாடி எப்படி மிஸ் சொல்றது? பொறந்ததுலேருந்து ஒன்னால முடியாதுன்னு ஒரு வார்த்தை நான் அவகிட்ட சொன்னதில்ல. ஊரு சொல்லுச்சு, சொந்தக்காரங்க சொன்னாங்க. சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்.”

இதை நான் மலாயில் சொல்ல வேண்டும். சொன்னேன்.  புவான் ரொஹானா காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டு, நேரம் நிறைய இருக்கிறது என்பதுபோல ஜன்னலைப் பார்த்தார். வெளியே கிள்ளானின் மத்தியான வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அறைக்குள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல மங்கிப்போயிற்று.  எனக்கு ரயில் ஜன்னல் ஞாபகம் வந்தது.

இடி இடித்தது. தேவிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். “என் பேரு தேவிகா, என் வீடு மூணாவது மாடி” என்று மறுபடியும் ஆரம்பித்தாள். ஒவ்வோர் இடிக்கும் முதலிலிருந்து, இன்னும் உரக்க. சரியாகச் சொல்லிவிட்டால் வந்தவர்கள் திருப்தியாகிப் போய்விடுவதுபோல இடியும் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ. மழை பிடித்துக்கொண்டது. திடீரென்று பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“அம்மா மெஷினுக்குப் போகல. நான் கத்துவேன். அம்மா போகல.”

கமலவேணி அக்கா அவளையே பார்த்தார். பிறகு, காதைப் பொத்தியிருந்த மகளின் கைகள்மேல் தன் கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார். இரண்டு ஜோடிக் கைகளுக்கும் வெளியே மழைச் சத்தம். அப்படி மூடிக்கொண்டுதான் அவர் நேற்றைச் சொன்னார்.

குளிப்பாட்டுவது நான். மாதத்தில் அந்த நாட்களில் எல்லாம் பார்ப்பது நான். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனதிலிருந்து அடுப்புத் திருகைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறேன்; அரிசியைக் கழுவி மட்டும் கொடுப்பாள். கடைக்குப் போவாள் என்பது உண்மைதான். நான் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன், கீழே கடைக்கார அண்ணே சில்லறையைத் தாளில் மடித்துக் கையில் வைத்து அனுப்புவார். இரத்தம் சுத்திகரிக்க மெஷினுக்குப் போன ஒருநாள் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நான் திரும்பும்வரை கதவில் தலையை முட்டிக்கொண்டிருக்கிறாள். இனி விடாதே என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள். அப்புறம் ஒருநாள்.

நான் தாழ்ந்த குரலில் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த அறையில் யார் வாயில் யார் வார்த்தை என்று எனக்கே பிரித்துத் தெரியவில்லை. புவான் ரொஹானாவின் பை கடைசிவரை மூலையிலேயே கிடந்தது.

மழை குறைந்தது. அக்கா கையை எடுத்தார். மல்லிகைப் பூ நசுங்கி மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்தது, அதை எடுத்துவிட்டார். பிறகு என்னிடம், “இதெல்லாம் எழுதுவீங்கதானே மிஸ்? அப்ப அவ செய்றதையும் எழுதுங்க” என்றார். மொழிபெயர்த்தேன். அதை எழுத மனுப் பாரத்தில் இடமில்லை, ஆனால் கேட்க எங்களுக்கு நேரம் இருக்கிறது என்றார் புவான் ரொஹானா. இன்னொரு கரண்டி கேசரியும் கேட்டார்.

அக்கா இந்தத் தடவை கைகளைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, தேவிகா கேட்கும்படி சொன்னார். அவள் மடித்த துணி கடையில் வைத்த துணி மாதிரி இருக்கும். படியில் ஏறும் காலடியை வைத்தே எந்த வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவாள். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்று நர்ஸ் ஒரு தடவைதான் சொன்னார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான். பாதிக் கிளாஸ், அதற்குமேல் ஒரு சொட்டுக் கிடையாது. “நான் கெஞ்சுனாலும் குடுக்கமாட்டா மிஸ். கல் நெஞ்சக்காரி” என்று சொல்லிச் சிரித்தார். தேவிகாவும் சிரித்தாள்.

பிறகு நடந்தது நடைமுறை. மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டரிடம் தேவிகா ஒப்பிக்க ஆரம்பித்ததும் அக்காவே அவள் தோளைத் தொட்டு நிறுத்தி, நேற்றிலிருந்து சொன்னார். உதவித்தொகை கிடைத்தது. மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைத்தது. அந்த மையத்தின் நேரமும் மெஷினின் நேரமும் பொருந்தவில்லை. புவான் ரொஹானா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நயமாகவும் அதட்டியும் பேசிப் பொருத்திவைத்தார். எந்தச் சட்டப் பிரிவிலும் அந்த வேலை இல்லை. முதலில் வேனுக்குள் அக்காவும் ஏறிக்கொண்டு போனார். பிறகு வேன் வாசல்வரை. பிறகு மாடியிலிருந்து கையசைப்பதோடு சரி. நர்ஸ் போன் செய்து, கமலவேணி ஒழுங்காக வருகிறார், சேரில் நன்றாகத் தூங்குகிறார் என்றார். அந்தத் தூக்கத்தை நான் ரயிலில் நினைத்துக்கொண்டு போனேன்.

புவான் ரொஹானா ஓய்வு பெற்றார். பின்னால் நானும். கிள்ளான் என்னைவிட்டு மெல்ல நழுவிப் போயிற்று.

யமுனா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நீ கேட்டாய். மேலே எழுதியதையெல்லாம் முன்பே எழுதி வைத்துவிட்டேன். எப்படி முடிப்பது என்றுதான் தெரியவில்லை. இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பால் வாங்கக் கீழே இறங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கற்கள்மேல், பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருவர் இருவராகக் கைகோத்து வந்தார்கள். பக்கத்தில் ஒரு விடுதியில் இருப்பவர்கள். மாலையில் நடக்கக் கூட்டிவருவார்கள். கடைசி ஜோடியில் ஒருத்தி, முன்தலையில் நரை, ரோஜா நிறச் சட்டை. அவளை எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது, அந்த ரோஜா நிறம்தான் நினைவைக் கிளறியது. தேவிகா என்று கூப்பிட்டேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் பெயரைச் சொன்னதும் நின்று, கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

“என் பேரு தேவிகா. நான் நல்லா துணி மடிப்பேன். தண்ணி பாதிக் கிளாஸ் ஊத்துவேன். அடுப்புக்கிட்ட போகமாட்டேன். காசு எண்ணத் தெரியாது, ஏமாத்தாதீங்க. இடின்னா பயம், கையப் புடிச்சுக்கிங்க.”

யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லுவாள், இவள் அம்மா சொல்லிக்கொடுத்ததாம் என்றார் கூட வந்த பணிப்பெண். எனக்குச் சொல்லவா வேண்டும்? ஒவ்வொரு வரியிலும் கமலவேணி அக்காவின் குரல் கேட்டது. உன்னால் முடியாது என்று மகளிடம் சொல்லவே மாட்டேன் என்றவர், காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, எதிரே உட்காரவைத்து, முடியாததையெல்லாம் ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்திருக்கிறார். தான் இல்லாத காலத்தில் எந்த அதிகாரியும் வீடு தேடி வந்து கேட்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாயை இப்படிச் செய்துகொடுத்த ஒருவரை நேற்றுத்தான் பார்த்தேன்.

தேவிகா முடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்று சொன்னாள்.

“அம்மா செத்துட்டாங்க. நான் அழுவேன். அப்புறம் நிப்பாட்டிருவேன்.”

அது மட்டும் அவளே சேர்த்துக்கொண்டது என்றார் பணிப்பெண்.

ரயில் நிலையத்துக்கு மேலே வானம் கறுத்திருந்தது. தூரத்தில் இடி உருண்டது, தூறலும் விழ ஆரம்பித்தது. அவள் என்னிடம் கையை நீட்டினாள். பால் வாங்கப் போனவள் நான், இன்றுவரை வாங்கவில்லை. மழை விடும்வரை கடை ஓரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.